500 பைக், எட்டே நிமிஷம்: மேலூர் ரோட்டுல நிதி திரட்டும் பைக் பேரணியை எப்படிப் படம் எடுக்கிறது?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். வர்ற பிப்ரவரி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளோட புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்ட மதுரையில ஒரு பைக் பேரணி நடக்குது. 500 வண்டி பதிவாகியிருக்கு. தல்லாகுளம் பக்கம் ஒரு மைதானத்துல கூடி, காலை 7 மணிக்குக் கிளம்பி, மாட்டுத்தாவணி, உத்தங்குடி, ஒத்தக்கடை வழியா மேலூர். அங்க டிபன், நிதி ஒப்படைப்பு. பத்து மணிக்கு மேல அதே வழியில திரும்புறாங்க.

படம் எடுக்கிற பொறுப்பு மூணு பேருக்கு. கையில இருக்கிறது: 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் மிர்ரர்லெஸ் ரெண்டு, அதே கம்பெனியோட கிராப் சென்சார் (சென்சார் சின்னது) பாடி ஒண்ணு, 24-70, 70-200 எஃப் 2.8, 18-135னு மூணு லென்ஸ், ரெண்டு ஃபிளாஷ், 249 கிராம் ட்ரோன் ஒண்ணு. மூணு பேருக்கும் கல்யாண வேலை நல்லாத் தெரியும், ஓடுற வண்டி புதுசு.

எங்க நிக்கிறது? ஷட்டர் என்ன வைக்கிறது? பணம் கட்டி ஓட்டுற 500 பேருக்கும் ஆளுக்கு ஒரு படமாவது கண்டிப்பா கிடைக்கணும், அதுக்கு என்ன வழி? முன்னால போற பைக்ல பின்பக்கம் திரும்பி உக்காந்து எடுக்கலாமா?


ஆனைமலை அடிவாரம் எழுதியது:

தம்பி, கேமராவைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்க. மீதி எல்லாம் அதுலதான் இருக்கு.

பேரணியில ரெண்டு வரிசையா, ஒண்ணுக்கொண்ணு நேரா இல்லாம விலகி ஓட்டுவாங்க. தன் வரிசையில முன்னால போற வண்டிக்கு 2 செகண்ட் இடைவெளி, பக்கத்து வரிசை வண்டிக்கு 1 செகண்ட். அப்படின்னா நீங்க நிக்கிற இடத்தை செகண்டுக்கு ஒரு வண்டி தாண்டும். 500 வண்டி, 500 செகண்ட், எட்டு நிமிஷம் சொச்சம். 40 கி.மீ. வேகம்னா செகண்டுக்கு 11 மீட்டர், ஆக வரிசையோட நீளம் அஞ்சரை கிலோமீட்டர். தலை ஒத்தக்கடையைத் தொடும்போது வால் மாட்டுத்தாவணியைத் தாண்டியிருக்காது. ஒரு இடத்துல எடுத்துட்டு, வண்டியை விரட்டி முன்னால போய் இன்னொரு இடத்துல எடுக்கிறேன்னு நினைச்சா நடக்காது. அஞ்சரை கிலோமீட்டர் வரிசையை முந்த முயற்சி பண்றதே அந்த ரோட்டுல மத்தவங்களுக்கு ஆபத்து. ஆளுக்கு ஒரு இடம், அந்த இடத்துல முன்கூட்டியே போய் நிக்கணும்.

அதே கணக்கு இன்னொண்ணும் சொல்லுது. ஓடுற வரிசையில பதினொரு மீட்டருக்கு ஒரு வண்டிதான் இருக்கு. ரோட்டோரம் நின்னு பக்கவாட்டுல எடுத்தீங்கன்னா 500 வண்டிப் பேரணி ரெண்டு வண்டிப் பேரணியாத்தான் தெரியும். கூட்டம் கூட்டமாத் தெரியணும்னா நேர் எதிர்ல இருந்து டெலி லென்ஸ்ல எடுக்கணும். 40 மீட்டர்ல இருந்து 200 மீட்டர் வரைக்கும் வர்ற பதினஞ்சு வண்டியும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி வரும். உங்க 70-200 லென்ஸை ஃபுல் ஃபிரேம்ல போடாதீங்க, கிராப் பாடியில போடுங்க. 200 அங்க 300 மாதிரி வேலை செய்யும்.

இப்ப இடம். ஒத்தக்கடை தாண்டினதும் மேலூர் போறப்ப இடது கை பக்கம் யானைமலை. ரோடு வடகிழக்கா போகுது. பிப்ரவரியில சூரியன் ஆறரை வாக்குல, கிழக்குக்குக் கொஞ்சம் தெற்கே தள்ளி உதிக்குது. ஏழரைக்கு 13 டிகிரி உயரத்துலதான் இருக்கும், ஆளோட நிழல் ஆளைப்போல நாலு மடங்கு நீளம் விழும். அந்த வெளிச்சம் ஓட்டுறவங்களுக்கு முன்-வலது பக்கத்துல இருந்து அடிக்கும். ஹெல்மெட்டுக்குள்ள முகம் வரைக்கும் போகும். ஆகவே மதுரை நோக்கி வர்ற எதிர்ச்சாரி ஓரத்துல, ரோட்டோட தென்கிழக்குப் பக்கம் நில்லுங்க. சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால, வண்டி நடுவுல, யானைமலை பின்னால.

இந்தப் பக்கம் நிக்க இன்னொரு காரணம் வண்டிக்குள்ளயே இருக்கு. புல்லட், கிளாசிக் மாதிரி ஒத்தை சிலிண்டர் வண்டிக்கு சைலன்சர் வலது பக்கம். இடது பக்கம் பாத்தா செயின் கவரும் சேலை கார்டும்தான். இந்த ஊர்ல இடதுபுறம் ஓட்டுறதால, வேடிக்கை பாக்கிறவங்க நிக்கிற பிளாட்பாரத்துல இருந்து எடுத்தா எல்லா வண்டியும் சேலை கார்டைக் காட்டிட்டுத்தான் போகும். சைலன்சர் வளைவு, வலது கை ஆக்சிலரேட்டர், முன் பிரேக் லீவர்ல ரெண்டு விரல்: எதிர்ச்சாரியில நின்னா இது அத்தனையும் வெயில்ல பளிச்சுனு கிடைக்கும். ஜாவாவுக்கு ரெண்டு பக்கமும் குழாய், அதுக்குக் கவலை இல்லை.

ஒரு தடை இருக்கு, அரளி. நாலுவழிச்சாலை மீடியன்ல இடுப்பு உயரம், நெஞ்சு உயரம்னு அரளி நிக்கும், தரையில நின்னு பாத்தா சக்கரம் முழுக்க மறைஞ்சிடும். ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, யு டர்ன் எடுக்க விட்டிருக்கிற இடைவெளிக்கு நேரா நிக்கிறது. சக்கரத்தோட முழு வண்டியும் தெரியும், ஆனா அந்த ஜன்னல் சில மீட்டர்தான். ரெண்டு, சர்வீஸ் ரோட்டுல ஒரு குட்டியானை சரக்கு வண்டியை நிறுத்தி அதோட பாடியில ஏறி நிக்கிறது. கண் மட்டம் ரெண்டேகால் மீட்டர் வந்துடும். ஒன்றரை மீட்டர் அரளிக்கு மேலா பாத்தா சக்கரம் மறைஞ்சாலும் ஹேண்டில்பார், முகம் கிடைக்கும். பதினஞ்சு வண்டி அடுக்குப் படத்துக்கு இது போதும். குட்டியானையை ரோட்டு ஓரக் கோட்டுக்குள்ள நிறுத்தவே கூடாது, சர்வீஸ் ரோட்டுல மட்டும்தான். மீடியன் மேல ஏறி நிக்கிறதும் வேண்டாம். ரெண்டு பக்கமும் பஸ் போற இடம், ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால ஃபைண்டரைப் பாக்கிறவனுக்கு அது நிக்கிற இடமே இல்லை.

முந்தின ஞாயிறு அதே ஏழரை மணிக்குப் போய் நின்னு பாத்துடுங்க. எந்த மரத்து நிழல் எந்த இடத்துல விழுதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும்.

திரும்புற பயணத்துல பெருசா எதிர்பாக்காதீங்க. தென்மேற்கா ஓட்டுறாங்க, சூரியன் பின்-இடது பக்கம், உயரத்துல. ஹெல்மெட்டுக்குள்ள கறுப்புதான். அதுபோக பத்து மணிக்கு மேல தார் ரோட்டுக் கானல் எழும்பிடும். 200 மி.மீ.ல தூரத்து வண்டி தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெளியும், ஃபோகஸும் பிடிக்காம அலையும். எந்த லென்ஸ் போட்டாலும் அது சரியாகாது, கிட்டப் போறது ஒண்ணுதான் வழி.


ஷட்டர் 60 எழுதியது:

இடத்தை அண்ணன் சொல்லிட்டார், நான் ஷட்டருக்கு வர்றேன்.

கல்யாணப் பழக்கத்துல எல்லாத்தையும் 1/1000ல உறைய வைப்பீங்க. வண்டிக்கு அது பெரிய கேடு. 40 கி.மீ. வேகத்துல 1/1000 செகண்டுக்கு வண்டி நகர்றது ஒரு சென்டிமீட்டர்தான், சக்கரம் 2 டிகிரிகூட முழுசாச் சுத்தாது. ஆரக்கம்பி எண்ணுற மாதிரி நிக்கும், ரோட்டுல ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினது மாதிரி இருக்கும். 1/60 வச்சா பதினெட்டரை சென்டிமீட்டர், சக்கரம் 30 டிகிரிக்கு மேல சுத்தும். ஆரம் கரைஞ்சு வட்டமாத் தெரியும், வண்டி ஓடுதுன்னு பாக்கிறவனுக்குப் புரியும்.

நேர் எதிர்ல எடுக்கிறப்ப மட்டும் சக்கரச் சுழற்சி தெரியாது, அங்க 1/800 வைங்க. ஏழரை மணி வெயிலுக்கு எஃப் 5.6 (எஃப் எண் கூடக்கூட லென்ஸ் துவாரம் சின்னதாகும்), ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 320 கிட்ட வரும். எஃப் 2.8 வேண்டாம். ஃபுல் ஃபிரேம்ல 200 மி.மீ., 40 மீட்டர் தூரத்துக்கு எஃப் 2.8ல 7 மீட்டர் ஆழம்தான் கூர்மையா இருக்கும், அதுல ஒரு வண்டி மட்டும் நிக்கும். எஃப் 5.6ல 34 மீட்டர்ல இருந்து 48 மீட்டர் வரை கிடைக்கும். கிராப்ல அது இன்னும் சுருங்கும், அதனால எஃப் 8க்குப் போய் ஐஎஸ்ஓவை 640 ஆக்கினாலும் தப்பில்லை. தொடர் ஃபோகஸ்ல வைங்க. 60 மீட்டர்ல இருந்து 30 மீட்டர் வர மூணு செகண்ட்கூட ஆகாது.

பக்கவாட்டுல எடுக்கிறவர் கேமராவை வண்டியோட சேர்த்து வீசி எடுக்கணும். கால் ரெண்டையும் படம் முடியப் போற இடத்தைப் பாத்து ஊன்றுங்க. இடுப்புக்கு மேல மட்டும் திருகி, வண்டி வர்ற பக்கம் திரும்புங்க. வண்டியை 40 மீட்டர்லயே பிடிச்சு, கூடவே சுழன்று வந்து, நேரா வரும்போது அழுத்தி, அழுத்தின பிறகும் நிறுத்தாம சுழன்றுட்டே போங்க. பெரும்பாலான படம் கெடுறது அந்தக் கடைசி இடத்துலதான். பட்டனை அழுத்தின உடனே கை நின்னுடும். ஃபோகஸ் புள்ளி ஓட்டுறவர் முகத்துலயும் வேண்டாம், சக்கரத்துலயும் வேண்டாம், டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல வைங்க. லென்ஸ் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சரிக்கட்டுறது) பேனிங் மோடுக்கு, அதாவது வீசி எடுக்கிற மோடுக்கு மாத்துங்க, பல லென்ஸ்ல அது மோட் 2. மாத்த மறந்தா நீங்க வீசுறதையே அது கை நடுக்கம்னு நினைச்சுத் திருப்பி இழுக்கும்.

1/125ல ஆரம்பிச்சு கை பழகினதும் 1/60க்கு இறங்குங்க. பத்துல ரெண்டு தேறினா நல்ல கை. 500 பேருக்கும் ஆளுக்கொரு படம்ங்கிற பொறுப்பை இந்த இடத்துல வைக்கவே முடியாது, அதுக்கு மைதானத்து கேட் தான்.

யானைமலை இடத்துல ஒரு எச்சரிக்கை. வண்டியை வீசி எடுத்தா மலையும் கோடு கோடா இழுபடும். 22 மீட்டர் தூரம், 135 மி.மீ., 1/60 வச்சா பின்னணி படத்தோட அகலத்துல 3 சதவீதம் நகரும், மலையோட முதுகு வளைவு போயே போச்சு. மலை வேணும்னா கேமராவை அசைக்காம 1/640க்கு மேல வச்சு எடுங்க, ஓட்டம் வேணும்னா மலையை மறந்துடுங்க. முதல் நாலு நிமிஷம் மலை, அடுத்த நாலு நிமிஷம் ஓட்டம்னு பிரிச்சுக்கங்க.

ஏழரைக்கு ஐஎஸ்ஓ 100, 1/60க்கு எஃப் 13 ஆகும். அதுவரைக்கும் சமாளிக்கலாம். மேலூர்ல இருந்து கிளம்பும்போது வெயில் முத்திடும், 1/60 கேட்டா எஃப் 20 காட்டும். அவ்வளவு மூடினா படம் மந்தமாகும், சென்சார்ல இருக்கிற ஒவ்வொரு தூசியும் வானத்துல புள்ளியா விழும். என்டி 8னு வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்பு ஃபில்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, மூணு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி) குறைஞ்சு எஃப் 7 பக்கம் வந்துடும்.


அரளிப்பூ எழுதியது:

மேல சொல்லாம விட்ட ரெண்டு சின்ன விஷயம்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிக்கெல்லாம் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது, பகல்லயும் எரியும். எதிர்ல இருந்து எடுக்கும்போது பதினஞ்சு ஹெட்லைட்டும் கேமராவோட வெளிச்ச மீட்டரை ஏமாத்தி படத்தை இருட்டாக்கிடும். மேனுவல்ல வச்சுடுங்க, இல்லன்னா முக்கால் ஸ்டாப் கூட்டி வைங்க. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரையும் கல்யாண மண்டபத்தோட விட்டுடுங்க. சாதாரண சென்சார்ல அது மேலிருந்து கீழ வரி வரியாப் படிக்கிறதால பக்கவாட்டுல ஓடுற சக்கரம் கோணி முட்டை மாதிரி வரும், சில எல்இடி விளக்குல பட்டை பட்டையாக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

போலரைசர் போடச் சொல்லி யாராவது சொல்வாங்க. பெயிண்ட் அடிச்ச டேங்க், வைசர் கண்ணாடி இதுல மின்னுற வெள்ளையை அது குறைக்கும். குரோம் சைலன்சர்ல ஒண்ணும் செய்யாது, வெறும் உலோகத்துப் பிரதிபலிப்பு அதுக்குக் கட்டுப்படாது. நிறுத்தி வச்ச வண்டி எடுக்கும்போது போடலாம். ஓடும்போது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போறதுதான் மிச்சம்.


வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சேலை கார்டு பக்கம், சைலன்சர் பக்கம்னு யோசிச்சதே இல்லை. கேட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க. பைக்ல திரும்பி உக்காந்து எடுக்கிறதுக்கும், ட்ரோனுக்கும் பதில் வரலையே?


நத்தம் ரோடு எழுதியது:

முதலில் பைக்கில் திரும்பி உட்காருவது. வேண்டாம். பின்னால் உட்காருபவர் ஓட்டுநருக்குப் பின்னால் நிலையாகப் பொருத்திய சீட்டில் பாதுகாப்பாக உட்கார வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு சொல்கிறது. இருவருக்கும் ஹெல்மெட் 129ஆம் பிரிவு. சட்டத்தை விடுங்கள், முன்னால் வேகத்தடை வருவது திரும்பி உட்கார்ந்தவருக்குத் தெரியாது, இரண்டு கையும் கேமராவில் இருக்கும், பிடிக்க ஒன்றுமில்லை. விழுந்தால் பின்னால் 500 வண்டி வருகிறது. நல்ல காரியத்துக்காக ஓட்டுகிற பேரணியில் ஒரு ஆள் விழுந்தால் அடுத்த ஆண்டு அந்தப் பேரணியே இருக்காது.

நகரும் படம் வேண்டுமென்றால் ஒரு கார். வரிசையின் தலைக்கு 30, 40 மீட்டர் முன்னால், அமைப்பாளர்களின் முன்னோடி வண்டியாகவே அது போகட்டும். பின் சீட்டில் வலது ஜன்னல் ஓரம், சீட் பெல்ட் போட்டபடி, கண்ணாடியை இறக்கிப் பின்னோக்கிச் சாய்வாக எடுக்கலாம். லென்ஸ் ஜன்னலுக்கு வெளியே போகக் கூடாது, ஸ்ட்ராப் கழுத்தில் இருக்க வேண்டும். முழங்கையைக் கதவில் ஊன்றாதீர்கள், எஞ்சின் அதிர்வு அப்படியே படத்தில் ஏறும். டிக்கியைத் திறந்து வைத்து அதில் உட்கார்ந்து எடுப்பதும் பைக்கில் திரும்பி உட்காருவதும் ஒன்றுதான்.

ட்ரோன். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்குள் இருப்பது நானோ வகை, பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பதிவு எண் வேண்டும். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கி.மீ. வரை முன் அனுமதி இல்லாமல் எழுப்பக் கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்குக் கீழே பச்சை மண்டலம் (அனுமதி தேவையில்லை), அதற்கு மேல் மஞ்சள் (முன் அனுமதி வேண்டும்). அதற்கும் அப்பால் 400 அடி வரை பச்சை. அவனியாபுரம், பெருங்குடி, திருப்பரங்குன்றம் பக்கம் பறக்க நினைக்கவே வேண்டாம். தல்லாகுளத்தை இரண்டாவது வளையமாகவே வைத்துக்கொண்டு 200 அடியைத் தாண்டாதீர்கள். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ட்ரோன் தளத்தின் வரைபடத்தில் மைதானத்தைக் குறித்து, முந்தைய நாளும் அன்று காலையும் பாருங்கள். முக்கியப் பிரமுகர் வருகை இருந்தால் மண்டலத்தின் நிறம் மாறிவிடும்.

மைதானத்தில் அணிவகுப்புப் படத்துக்கு அவ்வளவு உயரமும் தேவையில்லை. ஒரு வண்டிக்கு அகலம் 1.2 மீட்டர், வரிசைக்கு வரிசை மூன்றரை மீட்டர் என்று வையுங்கள். 25 வண்டி அகலம், 20 வரிசை. மொத்தம் 30 மீட்டருக்கு 70 மீட்டர். ஆட்கள் தலைக்கு நேர் மேலே நிறுத்தாமல் மைதானத்தின் ஓரத்தில் 45 மீட்டரில் நிறுத்தி, கேமராவைச் சாய்த்தால் அத்தனையும் அடங்கும். ஏழு மணிக்கு முன்பு சாய்ந்து வரும் வெயிலில் ஒவ்வொரு வண்டியின் நிழலும் பக்கத்து வரிசை மேல் விழும், கிழக்கு மேற்காக வரிசை போட்டால் ஒரு வண்டியின் நிழலில் இன்னொரு வண்டி மறைந்துவிடும். வடக்கு தெற்காகப் போடச் சொல்லி, வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சூரியனைப் பார்க்கும்படி விடுங்கள். சுண்ணாம்புக் கோடு சனிக்கிழமை மாலையே போட்டாக வேண்டும். கோடு இல்லாமல் 500 பேரை மைக்கில் சொல்லி நிறுத்த முடியாது.

ஓடும் வரிசைக்கு மேலே ட்ரோன் வேண்டவே வேண்டாம். ஓட்டுபவர் அண்ணாந்து பார்ப்பார், ஒரு செகண்ட் இடைவெளியில் பின்னால் அடுத்த வண்டி.

நகருக்குள் அனுமதி கொடுப்பது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம், புறநகர் தாண்டினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் எல்லை. இரண்டு கடிதத்தின் நகலும் மூன்று பேர் பையிலும் இருக்கட்டும், ஒளிரும் பட்டை வைத்த வெஸ்ட் மூன்று பேருக்கும். சிட்டம்பட்டி டோல்கேட்டில் எடுப்பதாக இருந்தால் அங்கேயும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பைக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் இடது ஓரத்துப் பாதையில் ஒற்றை வரிசையாக நெருக்கிப் போக வேண்டியிருக்கும். வரிசை அங்கே அடைபட்டு, வண்டிகள் கைப்பிடிக்குக் கைப்பிடி உரச நிற்கும். ஓடும் இடத்தில் கிடைக்காத கூட்டம் அங்கே தானாகக் கிடைக்கும்.


ஆனைமலை அடிவாரம் எழுதியது:

கேட் கேட்டீங்களே தம்பி. மைதானத்தை விட்டு வெளிய வர்ற வழியை ரெண்டு பாதையாப் பிரிங்க, பாதைக்கு ஒன்றரை மீட்டர், நடுவுல கயிறு. 10 கி.மீ. வேகத்துல ஒவ்வொரு பாதையிலும் ரெண்டு செகண்டுக்கு ஒரு வண்டி. ரெண்டு பாதையும் சேந்தா செகண்டுக்கு ஒண்ணு, ரோட்டுல ஓடுற அளவும் அதேதான். ஆகவே கேட் அடைக்காது, பேரணி தாமதமாகாது. பாதைக்கு ஒரு போட்டோகிராஃபர், ஃபுல் ஃபிரேம் ரெண்டும் இங்க. ஒருத்தருக்கு 24-70, இன்னொருத்தருக்கு 18-135. கிராப் லென்ஸை ஃபுல் ஃபிரேம்ல போட்டா பாடி தானா 10 மெகாபிக்சலுக்குக் குறைச்சுக்கும், இந்தப் படத்துக்கு அது போதும். மூணாவது ஆள் ஆறரைக்கே ஒத்தக்கடையில குட்டியானை மேல இருக்கணும்.

கேட்டுக்கு 5 மீட்டர் முன்னால தரையில ஒரு சுண்ணாம்புக் கோடு. வண்டி அதைத் தொடும்போது அழுத்துறது. மைக்ல திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுங்க: வைசரைத் தூக்கிட்டு வாங்க. அது ஒண்ணுதான் முகம் இருக்கிற படத்துக்கும் கறுப்புக் கண்ணாடி இருக்கிற படத்துக்கும் உள்ள வித்தியாசம். ஷட்டர் 1/250, எஃப் 5.6, அந்த வேகத்துக்கு ஃபிளாஷும் சேரும். கேட் மேற்கே பாத்து இருந்தா முகம் நிழல்லதான் வரும், அப்ப கல்யாண ஃபிளாஷ் ரெண்டும் இங்க வேலைக்கு ஆகும்.

வண்டிக்கு மூணு ஃபிரேம், அதுக்கு மேல பிடிக்காதீங்க. ஆளுக்கு 250 வண்டி, 750 ஃபிரேம், ரா ஃபைல் ஒண்ணு 25 எம்பின்னா 19 ஜிபி. 64 ஜிபி கார்டு காலியாப் போட்டுட்டு நில்லுங்க, நடுவுல கார்டு மாத்துற இருபது செகண்டுல பத்து பேர் போயிடுவாங்க. நீளமா அழுத்திப் பிடிச்சா பஃபர் (கேமராவோட தற்காலிக நினைவகம்) நிறைஞ்சு கேமரா நிக்கும், அப்ப போறவங்களுக்குப் படம் இல்லை. பணம் கட்டி, விடியக்காலம் எழுந்து வந்த ஆளுக்கு அது பெரிய ஏமாற்றம்.


ஷட்டர் 60 எழுதியது:

யார் படம் யாருதுன்னு பிரிக்கிறதுக்கு: ஹெல்மெட் போட்ட முகத்தை முகம் தேடும் மென்பொருள் நம்ப முடியாத அளவுக்குத் தவறவிடும். எண் குடுங்க. 7 சென்டிமீட்டர் உயர எண், மஞ்சள் மேல கறுப்பு, ரெண்டு இடத்துல. ஹெல்மெட் நெற்றியில பேப்பர் ஸ்டிக்கர் ஒண்ணு, வலது மேல்கையில துணிப்பட்டை ஒண்ணு. வலது கை ஏன்னா ஒத்தக்கடையில நீங்க வலது பக்கம்தான் நிக்கிறீங்க. கிராப் பாடியில 200 மி.மீ.க்கு 40 மீட்டர்ல அந்த எண் 90 பிக்சல் உயரம் வரும், நல்லாப் படிக்கலாம். டேங்க்ல ஒட்டாதீங்க, பெயிண்ட் போச்சுன்னு சண்டை வரும். நம்பர் பிளேட் மேல ஒட்டினா வழக்கு.

மூணு கேமராவோட கடிகாரமும் செகண்ட் சுத்தமா ஒத்துப்போகணும். காலையில மூணு பேரும் ஒரே போன் கடிகாரத்தைச் செகண்ட் முள்ளோட ஒரு படம் எடுத்து வச்சுக்கங்க. பிறகு கம்ப்யூட்டர்ல அந்தப் படத்தை வச்சு நேரத்தைத் திருத்தி, எடுத்த நேரத்தையே ஃபைல் பேரா மாத்துங்க. கேட்ல 7:04:31க்குப் போனவரை ஒத்தக்கடையில தேடுறதுக்கு 7:20க்கு முன்னாடி பின்னாடி ரெண்டு நிமிஷம் பாத்தாப் போதும்னு ஆயிடும்.

படத்தை வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா நசுக்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லன்னா எண் வாரியா டிரைவ் ஃபோல்டர்.


அரளிப்பூ எழுதியது:

மேலூர் பகுதி பத்தி யாரும் எழுதலை. என் பார்வைக்கு அதுதான் கவனமா எடுக்க வேண்டியது.

சிகிச்சையில இருக்கிற குழந்தைங்க மேடைக்கு வரலாம். பெத்தவங்க எழுதிக் குடுத்த சம்மதம் இல்லாம முகம் தெரியிற படம் எடுக்காதீங்க. சம்மதம் இருந்தாலும் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. தலைமுடி உதிர்ந்த பிள்ளை தொப்பி போட்டிருந்தா தொப்பியோடவே எடுக்கணும், கழட்டச் சொல்லக் கூடாது. காப்பகத்துல இருந்து வர்ற பிள்ளைகள்னா சட்டமே தடுக்குது: 2015 இளைஞர் நீதிச் சட்டத்தோட 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தையோட பேர், படம், பள்ளிக்கூடம் எதையும் ஊடகத்துல வெளியிட விடாது. முகம் இல்லாமலே எடுக்க எவ்வளவோ இருக்கு. ஹேண்டில்பாரைப் பிடிச்ச சின்னக் கை, பெரிய ஹெல்மெட்டைத் தூக்கிட்டுப் போற முதுகு, டேங்க் மேல பிள்ளை வரைஞ்சு ஒட்டின காகிதம். அடுத்த வருஷம் நிதி கேட்டுப் போகும்போது பேசுற படங்கள் அதுதான்.

நன்கொடை கியூஆர் பலகை படத்துல வந்தா முழுசா, நேரா, ஃபோகஸ்ல வரணும். பாதி வெட்டின கியூஆர் யாருக்கும் பயன்படாது.

ஒண்ணு உடுப்பு பத்தி. 2012ல சிட்னியில ஆரம்பிச்ச டிஸ்டிங்விஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு, ஆண்களோட மனநலத்துக்கும் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் நிதி திரட்டுறது, கோட்டு சூட்டு உடுத்திப் பழைய பாணி வண்டி ஓட்டுறதாலதான் உலகம் முழுக்கப் படமா பேர் வாங்குச்சு. நம்ம ஊர்ல அதைப் பாத்துட்டு வேட்டி சட்டையில வர்றவங்க இருப்பாங்க. பாக்க அழகுதான். ஆனா திறந்த செயின் இருக்கிற வண்டியில பறக்கிற வேட்டி நுனி பின் சக்கரத்துக்குள்ள போகும். வேட்டிப் படத்தை மைதானத்துல, ஸ்டாண்ட் போட்ட வண்டியில எடுத்துடுங்க. ஓட்டும்போது மடிச்சுக் கட்டினாலும் அவிழும், தார்ப்பாய்ச்சிக் கட்டிட்டு வரச் சொல்லுங்க, இல்லன்னா உள்ள பேண்ட் போட்டு வேட்டியைப் பையில வச்சுக்கச் சொல்லுங்க.


வைகைக்கரை எழுதியது:

அமைப்பாளர்கள்கிட்ட இன்னைக்கே பேசிட்டோம். கேட் ரெண்டு பாதையாப் போடவும், எண் பட்டை வலது கைக்குத் தைக்கவும் ஒத்துக்கிட்டாங்க. ஒரே ஒரு சந்தேகம்: மைதானத்து கேட் வடக்கே பாத்து இருக்கு. வெயில் பக்கவாட்டுல அடிக்கும்னா ஃபிளாஷ் எந்தப் பக்கம்?


ஆனைமலை அடிவாரம் எழுதியது:

வடக்கே பாத்து வெளிய வர்றாங்கன்னா சூரியன் அவங்க வலது கைப் பக்கம், கொஞ்சம் பின்னால தள்ளி. ரெண்டு போட்டோகிராஃபரும் கேட்டுக்கு வடகிழக்குல நின்னு வெயில் விழுற கன்னத்தைப் பாத்து எடுங்க, ஃபிளாஷ் கேமராவுக்கு இடது பக்கமா அல்ல, வலது பக்கமா ஒரு வாலண்டியர் கையில, நிழல் விழுற இடது கன்னத்துக்கு நேரா. முழு பவர் வேண்டாம், 1/8ல ஆரம்பிங்க. அந்த பவர்ல செகண்டுக்கு ஒரு வெடி விடாமத் தாங்கும். முழு பவர் வச்சா நாலாவது வண்டியிலயே சார்ஜ் ஏறாம நிக்கும். செல் ரெண்டு செட் கூடுதலா வச்சுக்கங்க.